டைகா காட்டுக்குள் பைசன்களுக்குப் புல் எங்கிருந்து கிடைக்கிறது?

கேள்வி: ஊசியிலை மரங்கள் நிறைந்த டைகாவில் பைசன் போன்ற பெரிய மேய்ச்சல் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன? கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவை வைத்து விளக்க முடியுமா?

பதில்:

ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த இடத்தில் பைசனுக்குத் தீனி கிடைக்காது. மரத்தடியில் பாசியும் லைக்கனும்தான் மண்டிக் கிடக்கும். பைசன் மேய்வது காட்டின் நடுநடுவே உள்ள திறந்த வெளிகளில். அவற்றை மரம் மூடாமல் காப்பவை வெள்ளமும் தீயும் உப்பும். இவற்றில் வெள்ளம்தான் முதன்மையானது. பூங்காவுக்கு இன்று இருக்கும் பெரிய ஆபத்தும் அங்கேதான்.

அல்பர்ட்டாவின் வடக்கிலும் வடமேற்குப் பிரதேசங்களின் தெற்கிலுமாகப் பரந்திருக்கும் இந்தப் பூங்கா சுமார் 44,700 சதுர கிலோமீட்டர், சுவிட்சர்லாந்தைவிடப் பெரியது. காட்டுப் பைசன் (wood bison) என்ற வகையில் எஞ்சியிருந்தவற்றைக் காப்பாற்ற 1922இல் அமைக்கப்பட்டது. இதன் தென்கிழக்கு மூலையில், அதபாஸ்கா ஏரியின் மேற்குக் கரையில், பீஸ் நதியும் அதபாஸ்கா நதியும் சேர்ந்து ஒரு கழிமுகச் சமவெளியை உருவாக்கியிருக்கின்றன. கடலோரத்தில் அல்லாமல் உள்நாட்டில் அமைந்த நன்னீர்க் கழிமுகங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. பைசன்களின் முக்கியத் தீனியான கோரை வளர்வது இந்த ஈரவெளிகளில்தான். குளிர்காலத்தில் பைசன் குளம்பால் பனியைத் தோண்டுவதில்லை. பெரிய தலையை இடமும் வலமும் வீசிப் பனியை ஒதுக்கிவிட்டு, அடியில் காய்ந்து நிற்கும் கோரையைத் தின்னும். பனி உருகி மறுபடி உறைந்து மேலே கெட்டி ஓடு படிந்துவிட்டால் இந்த வேலை பல மடங்கு கடினமாகிவிடும்.

இந்தச் சமவெளியின் பல குட்டைகள் ஆற்று மட்டத்தைவிட உயரத்தில் இருக்கின்றன. கோடை வெள்ளம் எவ்வளவு வந்தாலும் பெரும்பாலும் அவற்றை எட்டாது. அவை நிரம்ப ஒரே வழி பனிக்கட்டி அடைப்பு. வசந்த காலத்தில் மேல்நிலத்துப் பனி வேகமாக உருகிப் பெருவெள்ளமாக இறங்கும்போது, கீழே ஆற்றின் பனித்தளம் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும். அப்போது வெள்ளம் அதை உடைத்துத் தள்ளிக்கொண்டு போகும். பாளங்கள் வளைவுகளில் சிக்கி அணைபோல நிற்கும். பின்னால் தேங்கும் நீர் கரை தாண்டிக் குட்டைகளுக்குள் பாயும். 1974, 1996, 1997, 2014 ஆண்டுகளில் இப்படிப் பெரிய வெள்ளங்கள் வந்தன. இடையில் பல வருடங்கள் வெள்ளமே வராமல் போனால் குட்டை வற்றும், கோரைவெளியை வில்லோ புதர் பிடித்துக்கொள்ளும். குட்டை நீரில் வாழும், எலி போன்ற மஸ்க்ராட் முதலில் மறையும். ஆழம் குறைந்த குட்டை அடிவரை உறைந்துவிட்டால் அதற்குக் குளிர்காலத்தில் வாழ இடமில்லை.

பீஸ் நதியின் மேல்பகுதியில் 1968இல் கட்டி முடிக்கப்பட்ட பென்னட் அணை இந்தச் சங்கிலியில் கைவைத்தது. மின்சாரத் தேவை குளிர்காலத்தில் அதிகம் என்பதால் அப்போது கூடுதல் நீர் திறக்கப்படுகிறது. அதனால் ஆறு வழக்கத்தைவிட உயர்ந்த மட்டத்தில் உறைகிறது. அந்தப் பனியைத் தூக்கி உடைக்க வசந்தத்தில் இன்னும் பெரிய வெள்ளம் தேவை. ஆனால் வசந்த நீரில் ஒரு பங்கை அணை தேக்கிக்கொள்கிறது. வெப்பம் கூடுவதும் பனி இருப்புக் குறைவதும் இதோடு சேர்கின்றன. 1970களில் கல் தடுப்பணைகள் கட்டி ஏரிகளின் மட்டத்தை ஓரளவு உயர்த்தினார்கள். மேட்டுக் குட்டைகளுக்கு அதனால் பயனில்லை, ஏனென்றால் அவற்றுக்குத் தேவை நிலையான மட்டம் அல்ல, அவ்வப்போது பொங்கிவரும் நீர். பூங்கா எல்லைக்கு வெகுதொலைவில் எடுக்கும் முடிவு உள்ளே புல்லைத் தீர்மானிக்கிறது என்பதால்தான், இப்பகுதியின் பழங்குடியினரான மிகிசூ கிரீ மக்கள், பூங்காவை ஆபத்திலுள்ள உலக மரபுத் தலங்களின் பட்டியலில் சேர்க்கும்படி 2014இல் யுனெஸ்கோவிடம் நேரடியாக முறையிட்டார்கள். அவர்கள் கேட்டது மிக நியாயமானது.

தீயின் பங்கு வேறு வகை. ஜாக் பைன் மரத்தின் கூம்புகள் பிசினால் ஒட்டியிருக்கும். தீயின் சூட்டில்தான் விரிந்து விதை உதிர்க்கும். எரிந்த இடத்தில் ஆஸ்பென் மரம் வேரிலிருந்து துளிர்க்கும், அது மூஸ் மானுக்கும் பனிமுயலுக்கும் உணவு. முயல்கள் சுமார் பத்து வருடச் சுழற்சியில் பெருகிச் சரிய, அவற்றை வேட்டையாடும் லிங்ஸ் பூனைகளும் ஓரிரு வருடம் பின்தங்கிச் சரியும். எனவே தீ கெட்டதல்ல. இளம் ஸ்புரூஸ்கள் விதை விடும் வயதை எட்டுவதற்குள் அதே இடம் மறுபடி எரிந்தால்தான் சிக்கல்: அங்கே ஸ்புரூஸ் காடு திரும்பாமலே போகலாம்.

பூங்காவின் உப்புச் சமவெளியில் நிலத்தடி உப்புப் படிவுகளைக் கரைத்துக்கொண்டு ஊற்றுகள் வெளியே வருகின்றன. உப்பைத் தாங்கும் செடிகள் மட்டும் வளர்வதால் அந்த வெளி மரமின்றித் திறந்தே இருக்கிறது.

பைசன்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய கேடு மனிதர் செய்தது. 1925 முதல் 1928 வரை தெற்கே வெயின்ரைட்டிலிருந்து வேறு வகையான சமவெளிப் பைசன்களில் 6,600க்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். உயிரியலாளர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. இரு வகைகளும் கலந்து கலப்பினமாயிற்று, மாட்டுக் காசநோயும் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோயும் பரவின. இன்றுவரை நீங்கவில்லை. 1990இல் ஓர் அரசுக் குழு மந்தை முழுவதையும் கொன்றுவிட்டு நோயற்றவற்றை விடலாம் என்று பரிந்துரைத்தது; கடும் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. நடக்காதது நல்லது: மந்தையை நம்பி வாழும், பைசனை வேட்டையாடத் தெரிந்த ஓநாய்க் கூட்டங்கள் உலகில் மிகச் சில இடங்களிலேயே எஞ்சியுள்ளன, இது அவற்றுள் ஒன்று.

பூங்காவின் வடகிழக்கில் உள்ள ஆழமற்ற குட்டைகளில் ஹூப்பிங் கொக்குகள் கூடு கட்டுகின்றன. 1941இல் இருபதுக்குச் சற்று மேல் என்ற நிலைக்குச் சுருங்கிய இனம் இது. அவை எங்கே கூடு கட்டுகின்றன என்பது 1954இல்தான் தெரிந்தது, காட்டுத்தீ பணிக்காகப் பறந்தவர்களின் கண்ணில் பட்டதால். டெக்ஸாஸ் கடற்கரைக்கும் இங்கும் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து திரும்பும் இந்தக் கூட்டம் இப்போது ஐந்நூறைத் தாண்டிவிட்டது. பொதுவாக இரண்டு முட்டை, பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். வறட்சியில் குட்டை வற்றினால் ஓநாயும் நரியும் கூடுவரை நடந்தே போய்விடும்.

நேரில் போக நினைத்தால் பூங்காவின் அருகிலுள்ள ஃபோர்ட் ஸ்மித் ஊர் வழியாகப் போங்கள். ஜூன், ஜூலையில் கொசுத்தொல்லை கடுமை. ஆகஸ்ட் இறுதி நல்லது. கொக்குகள் கூடு கட்டும் பகுதிக்குள் அனுமதியில்லை. சாலையில் பைசன் நின்றால் வண்டிக்குள்ளேயே இருங்கள். நடந்து போகும்போது 100 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இணைசேரும் காலம் என்பதால் காளைகள் சீறும். வால் மேலே நிமிர்ந்தால் படம் எடுப்பதை விட்டுவிட்டு உடனே பின்வாங்குங்கள்.