அமெரிக்கர்களுக்கு நீராவி ரயில் மேல் ஏன் இவ்வளவு ஏக்கம்? நீங்கள் அதில் போயிருக்கிறீர்களா?

இரண்டு தடவை போயிருக்கிறேன். கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் என்ற மலை ரயில். நியூ மெக்ஸிகோவில் சாமா என்ற சின்ன ஊரில் ஏறினால் கொலராடோவின் அன்டோனிட்டோ வரை 64 மைல். 1880-ல் வெள்ளிச் சுரங்கங்களை நம்பிப் போட்ட 3 அடி குறுகிய பாதை. வெள்ளியும் போய், சரக்கும் குறைந்து மூடும் நிலைக்கு வந்தபோது, 1970-ல் இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து வாங்கிக்கொண்டன.

சாமாவிலிருந்து 10,015 அடி உயரக் கணவாய்க்கு 14 மைல் ஏற்றம். 100 அடிக்கு 4 அடி ஏறுகிறது. ரயிலுக்கு இது செங்குத்து மாதிரி. சைக்கிள் மிதிக்கிற வேகம்தான். கிளம்புமுன் எஞ்சின் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபயர்மேன் உலைக் கதவைத் திறக்கிறார், ஒரு மண்வாரி கரி உள்ளே போகிறது, கதவு மூடுகிறது, கண் உடனே தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குப் போகிறது. பாய்லரில் தண்ணீர் இறங்கினால் ஆபத்து. அந்தக் குழாயை அவர் மறக்கவே முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்த எனக்குக் கண்ணில் கரித்தூள். வெள்ளைச் சட்டை போட்டது என் முட்டாள்தனம்.

ஏக்கத்துக்கு வருவோம். அது ரயிலைப் பற்றியது மட்டுமில்லை, ஊரைப் பற்றியது என்பது என் கட்சி. நீராவி எஞ்சினுக்குச் சூடேறவே பல மணி நேரம் வேண்டும். வழியெல்லாம் தண்ணீர், கரி. சாம்பல் தட்ட, பாய்லர் கழுவ, பழுது பார்க்க ஆட்கள். அந்தச் சம்பளத்தில்தான் பல ஊர்கள் பிழைத்தன. டீசல் வந்ததும் நாலு எஞ்சினைச் சேர்த்து ஒரே டிரைவர் ஓட்டினார். கடைசிவரை பிடிவாதமாக நீராவியில் ஓட்டிய பெரிய கம்பெனியான நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னும் 1960-ல் விட்டுவிட்டது. சாமாவில் மரத் தண்ணீர்த் தொட்டியும் கரி ஏற்றும் கோபுரமும் இன்னும் நிற்பதால்தான் அங்கே போனால் மனசு என்னவோ செய்கிறது.

1941-ல் செய்த 'பிக் பாய்' 4014 என்ற ராட்சத நீராவி எஞ்சின், கலிஃபோர்னியா அருங்காட்சியகத்தில் அரை நூற்றாண்டு நின்றுவிட்டு 2019-ல் மறுபடி ஓடியது. பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் நீராவிக் காலத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்!

நான் போன ரயிலின் எஞ்சின் 1925-ல் பால்டுவின் கம்பெனி செய்தது. நம்மூரில் புல்லட் மூக்கோடு ஓடிய டபிள்யூ.பி. எஞ்சின்களில் முதல் 16-ம் 1947-ல் அதே கம்பெனியிலிருந்து வந்தவைதான். தெற்கு ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்த பெரியப்பாவுக்கு இதைச் சொல்லி வீடியோ அனுப்பினேன். நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். வந்த பதில்: "புகை ரொம்பக் கறுப்பா வருதேடா. கரியை வீணாக்குறான்."