போர்க்கால ரயில் வாங்குகிறீர்களா? முதலில் தேதியைச் சொல்லுங்கள்

‘இரண்டாம் உலகப் போர் ராணுவ ரயில்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி மாடல் ரயில் வாங்காதீர்கள் என்று போன முறை ஒரு வாசகருக்கு இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நம்மவர்கள் வீட்டுப் பரண்களில் இத்தனை டாங்கிகள் இருக்கின்றனவா என்று மலைப்பாக இருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டிய வரிகளையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஜெர்மனியின் போர்க்கால எஞ்சின் பிஆர் 52, ‘1943 கிழக்கு முனை’ என்று ஒரு இந்திய இணையக் கடையில் 31,000 ரூபாய்க்கு வாங்கினேன். எச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு). எண் 052 என்று தொடங்குகிறது; கடைசியில் ஒரு சிறு கோடு, அதன்பின் ஒற்றை இலக்கம். இது 1943 எஞ்சின் இல்லை என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
— கோவை

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. அவர் உங்கள் மனம் நோகக் கூடாது என்று பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் கோடும் கடைசி இலக்கமும் கணினிக்காக வந்தவை. மேற்கு ஜெர்மன் ரயில்வே 1968 ஜனவரியில்தான் எஞ்சின்களுக்கு அப்படி எண் கொடுத்தது. அடுத்த பாதி இது: அந்த ரயில்வேயில் 052 என்பது பிஆர் 52 கிடையாது. பிஆர் 50 வகை எஞ்சின்களின் எண்கள் மூவாயிரத்தைத் தாண்டியதால் அவற்றை 050, 051, 052, 053 என்று பிரித்தார்கள். உங்கள் கையில் இருப்பது பிஆர் 50. அதிலிருந்து தேவையில்லாததை எல்லாம் உருவிவிட்டு, 1942 முதல் அவசர அவசரமாக ஆறாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளியதுதான் 52. நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரைப் பாருங்கள். 52க்குப் பெரும்பாலும் தண்ணீர் லாரியைப் போல வயிறு உருண்ட தொட்டி டெண்டர். உங்களுடையது சதுரப் பெட்டியாக இருக்குமே?

சிரிக்கவில்லை, எனக்கும் இது நடந்திருக்கிறது. 12 இலக்க எண் போட்ட ஆறு மூடு வேகன்களைப் போர்க்கால எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு வருடம் ஓட்டினேன். அந்த 12 இலக்க முறை 1960களில் வந்தது. வீட்டுக்கு வந்த ஒரு கல்லூரிப் பையன் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

உங்கள் விஷயத்தில் விவரிப்பும் பொருளும் வேறு வேறு. கடைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் திருத்துவதற்கு முன்னால். குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதிலும் நகராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: எஞ்சினில் உள்ள கழுகுச் சின்னத்தின் கீழே வட்டம் காலியாக இருக்கிறது. படங்களில் ஸ்வஸ்திகா தெரிகிறது. போலியை விற்றுவிட்டார்களா?
— மதுரை

பதில்: போலி இல்லை. ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் போட்டு விற்பது குற்றம்.

கேள்வி: டைகர் டாங்கி ஏற்றிய ரயில் செய்கிறேன். வேகன் எச்ஓ, டாங்கி 1:72. ‘கிட்டத்தட்ட ஒரே அளவுதான்’ என்றார் கடைக்காரர். ஏற்றி வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வேறு வேகன் வாங்கவா?
— சேலம்

பதில்: வேண்டாம். இன்னொரு வேகனுக்கும் பணம் போய்விடும். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பத்து வருடமாக வயிற்றில் கிடக்கிற எரிச்சல்.

முதலில் கணக்கு. எச்ஓ என்றால் 1:87. டைகர் போர்க்களத்தில் ஏறக்குறைய 3.7 மீட்டர் அகலம். 1:72இல் அது 51 மி.மீ. எச்ஓ வேகனின் தளம் 35, 36 மி.மீ. தான். மாட்டு வண்டியில் வைக்கோல் ஏற்றிய மாதிரிதான் இருக்கும். அதே தப்பைச் செய்து வாங்கிய 1:72 டைகர் என் அலமாரியில் இன்னும் நிற்கிறது. பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

சரி, 1:87 டைகர் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் 43 மி.மீ. வரும், அதுவும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஏனென்றால் நிஜ டைகருக்கும் இதே சிக்கல்தான். எதிரே வரும் ரயிலில் உரசும், சுரங்கப் பாதையில் இடிக்கும். அதனால் ஜெர்மானியர்கள் டைகருக்கு இரண்டு ஜோடி சங்கிலிப் பட்டைகள் வைத்திருந்தார்கள். சண்டைக்கு 725 மி.மீ. அகலம், ரயிலுக்கு 520 மி.மீ. ஏற்றுவதற்கு முன்னால் வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்றி, அகலப் பட்டையை உருவி, குறுகலானதை மாட்டி, டன் கணக்கில் எடையுள்ள அந்த அகலப் பட்டைகளை வேகன் தளத்தில், டாங்கிக்கு அடியிலேயே விரித்துக் கிடத்துவார்கள். இறங்குகிற ஊரில் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும். 57 டன்னைத் தாங்க எஸ்எஸ்ஒய்எம்எஸ் என்ற ஆறு அச்சு வேகன். பாலங்கள் தாங்க வேண்டுமே என்று இரண்டு டைகர்களுக்கு நடுவே எடை குறைந்த வேகன்களைக் கோர்ப்பார்கள்.

இப்போது கடைகளில் விற்கிற ‘வரலாற்றுத் துல்லியமான டைகர் ரயில்’ படங்களைப் பாருங்கள். பத்தில் எட்டில் அகலப் பட்டையோடு, நாலு அச்சு வேகனில், வரிசையாக மூன்று டைகர்கள். விலை மட்டும் துல்லியம். அவசரத்தில் அகலப் பட்டையோடே ஏற்றிய சந்தர்ப்பங்களும் உண்டுதான். விற்பவர் அந்தப் புகைப்படத்தைக் காட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் நேர் எதிரே இருந்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். பக்கவாட்டுப் படத்தில் இந்தத் தப்பு தெரியாது, அதனால்தான் எல்லோரும் பக்கவாட்டுப் படமே போடுகிறார்கள். பட்டை வேகன் ஓரத்துக்குள் அடங்குகிறதா, வெளிவரிசைச் சக்கரம் இல்லாமல் இருக்கிறதா, தளத்தில் அகலப் பட்டை கிடக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். அப்புறம் நிறம். 1943 பிப்ரவரியில் ஜெர்மன் கவச வண்டிகளின் அடிப்படை நிறத்தை அடர்மஞ்சளாக மாற்ற உத்தரவு வந்தது. அந்த ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் போருக்குப் போகும் ரயிலில் புத்தம் புதிய சாம்பல் நிற டைகரை ஏற்றி வைத்தால், எண்ணிப் பார்க்கிற பையன் உங்கள் வீட்டுக்கும் வருவான்.

டைகர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் பாந்தர் வாங்குங்கள். பட்டை மாற்றாமலே ரயிலில் போன டாங்கி அது.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மச்சான் ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பினால் சுங்க வரி கிடையாதுதானே?
— திருச்சி

பதில்: உண்டு. 5,000 ரூபாய் வரை இருந்த அன்பளிப்புச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20இலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. மச்சான் ஊருக்கு வரும்போது கையில் கொண்டுவரட்டும், வரம்புக்குள்.

கேள்வி: மேர்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் பழைய எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. என் தண்டவாளத்தில் வைத்த உடனே ஷார்ட் ஆகிறது. பவர் பேக்கை மூன்று முறை மாற்றிவிட்டேன். விற்றவர் மீது புகார் கொடுக்கலாமா?
— சென்னை

பதில்: எதற்கு? அவர் எஞ்சினைத்தானே விற்றார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வயிற்றுக்கு நடுவே நீளமாக ஒரு உலோகப் பட்டை இருக்கிறதா? அது தண்டவாளத்தின் நடுவில் உள்ள தொடுபுள்ளிகளிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு. அந்த முறையில் இரண்டு பக்கத் தண்டவாளமும் ஒரே இணைப்பு, அதனால் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இருக்காது. உங்களுடைய இரு தண்டவாள முறையில் வைத்தால் எஞ்சினே ஒரு கம்பியாக இரண்டையும் இணைத்துவிடும். மூன்று பவர் பேக் வாங்கியிருக்கிறீர்கள், ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. இதே மனிதர் மாம்பழம் வாங்கும்போது எத்தனை தடவை திருப்பிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: அழுக்கும் துருவும் ‘கைவேலையால் ஏற்றியது’ என்று ஒரு வேகனுக்கு 4,000 ரூபாய் கூடுதல் கேட்கிறார்கள். தகுமா?
— பெங்களூர்

பதில்: நானும் கொடுத்தேன். கட்டை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தால் ஷூ பாலிஷ்.

கேள்வி: 1944 மே கடைசி, தென் இங்கிலாந்து. நார்மண்டிக்குப் போகும் ஷெர்மன் டாங்கிகள் ஏற்றிய ரயில், ஓஓ அளவில் (1:76). கறுப்பு நிற டபிள்யூடி (பிரிட்டிஷ் போர்த்துறை) எஞ்சின், 2-8-0 சக்கர அமைப்பு, வாங்கியிருக்கிறேன். எண் 90 ஆயிரத்தில் தொடங்குகிறது, டெண்டரில் சிங்கச் சின்னம். பொருந்துமா?
— டொராண்டோ

பதில்: வாரத்தைக் கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், இந்தக் கட்டிலேயே நல்ல கேள்வி. ஆனால் எஞ்சின் பொருந்தாது. 90 ஆயிரம் வரிசையும் சிங்கமும் 1948இல் ரயில்கள் தேசியமயமான பிறகு வந்தவை. எஞ்சின் வகை சரிதான்: 1943 முதல் 1945 வரை 935 செய்தார்கள். உங்களுக்கு வேண்டியது காக்கி நிறத்தில், போர்த்துறை எழுத்துகளோடு உள்ளது. பெட்டி கலையாமல் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள், கேளுங்கள்.

இல்லையென்றால் அமெரிக்காவிலிருந்து வந்த எஸ்160. 1942 கடைசியிலிருந்து பிரிட்டனில் இறங்கின. ஏறக்குறைய 400 எஞ்சின்களை அங்குள்ள ரயில் கம்பெனிகள் ஓட்டின, பிறகு அவை ஐரோப்பாவுக்குப் போய்விட்டன. உங்கள் மே மாதத்துக்குக் கச்சிதம். வேகனுக்கு ‘வார்வெல்’ தேடுங்கள். பிரிட்டனின் பாலங்கள் தாழ்வு. சாதாரணத் தட்டை வேகனில் ஷெர்மனை ஏற்றினால் தலை இடிக்கும் என்று நடுத்தளத்தைக் குழிவாக இறக்கிச் செய்த வேகன் அது. ஷெர்மன் 1:76இல் வாங்குங்கள், 1:72 வேண்டாம். சேலம்காரருக்குச் சொன்னதுதான்.

ஓஓ தண்டவாளமே அந்த அளவுக்குக் குறுகல், 18.83 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 16.5 என்று யாராவது வந்து சொல்வார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: 15 வருடமாகப் பெட்டியே பிரிக்காத எஞ்சின் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார் ஒரு சேகரிப்பாளர். பிரித்தால் அடிச்சட்டம் வீங்கி, விரல் வைத்ததும் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. ‘நான் தொடவே இல்லை’ என்கிறார். என் ஓய்வூதியப் பணம்.
— புதுச்சேரி

பதில்: மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர் தொடாதது உண்மையாகவே இருக்கலாம். வார்ப்புத் துத்தநாகத்தில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்துவிட்டால், உலோகம் பெட்டிக்குள் இருந்தபடியே வருடக்கணக்கில் வீங்கி வெடிக்கும். மருந்து கிடையாது, ஒட்டவும் முடியாது. தனி ஆள் விற்றதை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோவது கடினம். ஆனால் ஒருவர் இதையே தொழிலாகச் செய்கிறார் என்றால் அவர் வியாபாரிதான். அவருடைய பழைய விளம்பரங்களைத் தேடி எடுத்து வையுங்கள், இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுங்கள். அதே மாடலுக்கு மாற்று அடிச்சட்டம் தனியாகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள், மேல் உடல் நன்றாக இருக்குமே. மற்றவர்களுக்கு: பழைய எஞ்சினுக்குப் ‘பெட்டி பிரிக்காதது’ என்பது பெருமை இல்லை. பிரித்து, ஓட்டிக் காட்டும் வீடியோ கேளுங்கள்.

கேள்வி: என் தாத்தா, போரின்போது ஜப்பானியர்கள் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. அவர் போன ரயிலைச் சிறியதாகச் செய்து வீட்டில் வைக்க ஆசை. ‘மரண ரயில் எஞ்சின்’ என்று ஜப்பானிய சி56 மாடல் ஒன்றை, சாதாரண விலையைப் போல மூன்று மடங்குக்கு ஒருவர் விற்றார். அது சரியான எஞ்சின்தானா?
— ஈப்போ, மலேசியா

பதில்: எஞ்சின் வகை சரி. சி56 வரிசையில் முதல் 90 எஞ்சின்களை, 1067 மி.மீ. சக்கர அகலத்தை 1000 ஆகக் குறைத்து, ஜப்பான் அங்கே அனுப்பியது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சமாதான காலத்து உள்நாட்டு மாடல், எண்ணும் 90க்கு மேல். சயாமுக்கே போகாத எஞ்சின் அது. ஒரு சொல்லைச் சேர்த்து, ஒரு குடும்பத்தின் துக்கத்துக்கு மூன்று மடங்கு விலை போட்டிருக்கிறார். அந்த எண்ணை எடுத்துக்காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் மலேசியாவின் நுகர்வோர் உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், வக்கீல் தேவையில்லை.

ஆனால் தாத்தா போன ரயிலுக்கு சி56 எதற்கு? பாதையின் இரு முனைகளும் இணைந்ததே 1943 அக்டோபரில்தான். அதற்கு முன்பே மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிப் போய்விட்டார்கள். அப்போது அவர்கள் ஏறியது பெரும்பாலும் மலாயா ரயில்வேயின் மூடிய கூட்ஸ் வேகன்கள். சிங்கப்பூரிலிருந்து சயாமின் பான்போங் வரை போர்க்கைதிகள் போனதும் அதே மாதிரி இரும்பு வேகன்களில், ஒன்றுக்கு 30 பேர் அளவில், நான்கைந்து நாள். இரும்புச் சுவர், பக்கவாட்டில் இழுக்கும் கதவு. பகலில் தொட முடியாத சூடு, இரவில் குளிர்.

அந்த வேகனைத் தயாரித்து விற்கிற கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. செய்துதான் ஆக வேண்டும். 1:87இல் மீட்டர் கேஜ் 11.5 மி.மீ. வரும், 12 மி.மீ. தண்டவாளம் கடைகளில் உண்டு. ஜப்பானிய ‘என்’ (N) அளவு வேண்டாம். அது 1:150, ஆனால் தண்டவாளம் 9 மி.மீ., மீட்டர் கேஜுக்குப் பக்கத்தில்கூட வராது. பழைய மலாயா ரயில்வே வேகன் வரைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்து 3டி பிரிண்ட் கடையில் கொடுங்கள். ஒரு வேகனுக்கு ஆகும் செலவு அந்த எஞ்சினுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிறம் பூசுவதற்கு முன்னால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.