மேஸ்திரி வாயில் இருக்கும் கணக்கு

கேள்வி: எங்கள் அரிசி மில்லில் நெல்லை அவிப்பதும் களத்தில் காயவைப்பதும் ஒரே மேஸ்திரி கையில். வயதாகிவிட்டது. அவர் நின்றுவிட்டால்? (மன்னார்குடி)

முதலில், "தெரிஞ்சதை எல்லாம் எழுதிக் கொடுங்கண்ணே" என்று நோட்டை நீட்டாதீர்கள். தனக்கு என்னென்ன தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. களத்தில் குனிந்து நாலு நெல்லை உள்ளங்கையில் தேய்ப்பார், ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார், "இன்னும் ரெண்டு தடவை கிண்டணும்" என்பார். அந்த நேரத்தில் ஒரு பையன் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரோடு பக்கத்தில் நிற்கட்டும். மேஸ்திரி சொன்னது, மீட்டர் காட்டியது, நெல் ரகம், ஊறிய நேரம், வெயிலா மூட்டமா என்று குறிக்கட்டும். அரைத்த பிறகு நொய் எவ்வளவு விழுந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். அரவைக்குச் சுமார் 14 சதவீத ஈரம் என்று யாரும் சொல்லிவிடலாம். ஐப்பசி மூட்டத்தில் களத்தை எப்போது கூட்டி அள்ளுவது என்று அவர்தான் சொல்ல முடியும். குறுவை, சம்பா இரண்டுக்கும் குறித்து வையுங்கள். காரணம் கேட்டால் அவர் சொல்வதை போனில் பதிந்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

அப்புறம், சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றுங்கள். தன் வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர் வாயே திறக்க மாட்டார்.

கேள்வி: பாத்திரக்கடைக்கு பில்லிங் சாப்ட்வேர் வாங்கினேன். ஆட்கள் இன்னும் துண்டுச்சீட்டில்தான் எழுதுகிறார்கள். (கும்பகோணம்)

அவர்களைத் திட்டாதீர்கள். "நாச்சியார்கோவில் மூணடி", "36 இன்ச் விளக்கு", "பெரிய குத்துவிளக்கு" என்று ஒரே சரக்கு மூன்று பெயரில் ஏறியிருக்கும், பாருங்கள். முகூர்த்தக் கூட்டத்தில் யார் தேடிக்கொண்டிருப்பார்கள்? ஆடி மாதம் கடை ஆறிக் கிடக்கும்போது ஒரே ஆளை உட்கார வைத்துப் பெயர்களை ஒழுங்குபடுத்துங்கள். எடைக்கு விற்பது, எண்ணிக்கைக்கு விற்பது இரண்டையும் அப்போதே பிரித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய பில் நோட்டுகளை எடைக்குப் போடலாமா? (திருத்துறைப்பூண்டி)

பொறுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு ஏதும் நடந்தால் இன்னும் கூடும். உங்கள் ஊருக்கு 2018 கஜா புயலை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் ஒரு மளிகைக் கடையில் நனைந்த கடன் நோட்டைத் தாள் தாளாகக் கொடியில் போட்டிருந்தார்கள். மையெல்லாம் ஊதா மேகமாகிவிட்டது. யார் எவ்வளவு பாக்கி என்று கடன்காரர்களைக் கேட்டுத்தான் எழுதினார்கள். கடன் நோட்டை வாரா வாரம் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவையுங்கள்.