நாலு பேர், மூணு நாள், ஒரு பிராக்

கேள்வி: ஜெர்மனில வேலை பாக்குற ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் மூணு நாள் பிராக் போறோம். ஒருத்தன் சர்ச் எதையும் விடமாட்டேங்கறான், ஒருத்திக்கு போட்டோதான் முக்கியம், இன்னொருத்தன் பத்து மணிக்கு முன்னாடி எழுந்திரிக்கவே மாட்டான். சண்டை வராம எப்படிப் பாக்கறது?

பதில்: நாலு பேரும் நாள் பூரா ஒட்டிக்கிட்டே சுத்தணும்னு யாருங்க சொன்னா? அங்கதான் சண்டையே ஆரம்பிக்குது.

போட்டோ தோழியக் கூட்டிக்கிட்டு ஒருநாள் விடியறப்பவே சார்லஸ் பாலத்துக்குப் போயிடுங்க. 1357ல ராஜா நாலாம் சார்லஸ் அடிக்கல் போட்ட பாலம், ரெண்டு பக்கமும் சேர்த்து 30 சிலைங்க நிக்கும், வெயில் ஏறிட்டா நம்ம ஊர் திருவிழாக் கூட்டம்தான், நின்னு ஒரு படம் எடுக்க முடியாது. அதுல நேபோமுக் யோவான்னு ஒரு புனிதர் சிலை. அவர 1393ல இந்தப் பாலத்துலேர்ந்துதான் ஆத்துல தள்ளிட்டாங்க. சிலைக்குக் கீழ இருக்கற வெண்கலத் தகட்ட, தொட்டா நல்லதுன்னு தடவித் தடவியே பளபளன்னு ஆக்கி வச்சிருக்காங்க.

சர்ச் நண்பருக்குக் கோட்டைக்குள்ள இருக்கற புனித விட்டஸ் பேராலயம் ஒண்ணே அரைநாள் இழுக்கும். 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்க, நம்ம வீட்டுக் கட்டட வேலை இழுக்குதேன்னு புலம்பறவங்க இத நினைச்சுக்கலாம். கூடப் போய்க் கொட்டாவி விடறதுக்குப் பதிலா, மத்தவங்க லெட்னா பார்க் மேட்டுல உக்காந்து ஆத்துப் பாலங்கள வரிசையா பாத்துட்டு இருக்கலாம்.

காசு விஷயம், அங்க யூரோ இல்ல, கொருனா. டூரிஸ்ட் தெருவுல இருக்கற பணம் மாத்தற கடைல போர்டு மட்டும் பாத்து ஏமாறாதீங்க, கைக்கு எவ்வளவு வரும்னு முதல்லயே கேட்டுக்கோங்க. டிராம்ல காகித டிக்கெட்ட மெஷின்ல முத்திரை குத்தாம உக்காந்தா ஃபைன்.

தூங்குமூஞ்சியத் திட்டாதீங்க. பழைய டவுன்ஹால் சுவர்ல இருக்கற 1410ஆம் வருஷத்து வானியல் கடிகாரம் காலை 9லேர்ந்து ராத்திரி 11 வரைக்கும் மணிக்கு ஒருதரம் ஆட்டம் காட்டும். எலும்புக்கூடு மணி அடிக்கும், 12 சீடர்கள் ஜன்னல்ல வந்து போவாங்க, கடைசில சேவல் கூவும். ஒரு நிமிஷம்கூட இருக்காது, இதுக்கா இவ்ளோ கூட்டம்னு எனக்கே தோணும் (பர்ஸ் பத்திரம்!). அசல் சுவாரஸ்யம் ஜன்னலுக்குக் கீழ இருக்கற ரெண்டு வட்டத்துல மேல் வட்டத்துலதான்: சூரியன், சந்திரன் எந்த ராசில இருக்குன்னு காட்டும், வெளி வளையம் சூரியன் மறையறதுலேர்ந்து நாளக் கணக்குப் பண்ற பழைய செக் நேரம். அந்தக் கணக்குப்படி பாத்தா உங்க ஆளு எழுந்திரிக்கறது ஒண்ணும் லேட்டே இல்லன்னு வாதாடுவாரு, ஜாக்கிரதை.