குளிக்கக் குளிக்க அரிப்பு கூடுவது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. காலையும் மாலையும் ஆவி பறக்கும் வெந்நீரில் கிருமிநாசினி கலந்து, சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிக்கிறார். ஆனாலும் முழங்காலுக்குக் கீழே ஓயாத அரிப்பு. இரவில் சொறிந்து சொறிந்து ரத்தம் கசிகிறது. அழுக்குதான் காரணம் என்று இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். என்ன செய்யலாம்? - வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அம்மாவின் தோலில் இருப்பது அழுக்கு அல்ல, வறட்சி. வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய் சுரப்பது குறையும். முன்னங்கால்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பிலேயே குறைவு. அதனால் அங்கேதான் முதலில் செதில் செதிலாக வெடிக்கும். மிச்சமிருக்கும் பசையையும் வெந்நீரும் சோப்பும் கழுவிவிடுகின்றன. கிருமிநாசினி எரிச்சலைத்தான் கூட்டும். அதை இன்றே நிறுத்துங்கள்.

அதற்காகக் குளிக்கவே வேண்டாம் என்று தடுத்துவிடாதீர்கள். குளித்துத் திருநீறு பூசிய பிறகுதான் பல அம்மாக்களுக்குப் பொழுதே விடியும். காலைக் குளியல் இருக்கட்டும். வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்துக்குள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதங்களுக்கு மட்டும். பீர்க்கங்காய் நார் வேண்டாம். மாலையில் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும்.

குளித்த பின் செய்வதுதான் முக்கியம். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடங்களில், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைத் தடவிவிடுங்கள். விலை கூடியதைத் தேட வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லியே நன்றாக வேலை செய்யும். தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். ஆனால் கால்விரல் இடுக்கிலும் மார்பகத்தின் அடியிலும் எதையும் தடவாமல் நன்கு உலர்த்துங்கள். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். தடவுவதைக் குளியலறையில் செய்யவே கூடாது. கட்டிலில் உட்காரவைத்துத் தடவுங்கள். எண்ணெய்க் காலோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும்? இந்த வயதில் அரிப்பைவிட எனக்குப் பெரிய பயம் அதுதான்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. நாட்கணக்கில் தடவினால் ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்துபோகும். இரண்டு வாரங்களில் அரிப்பு தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளும் சர்க்கரை நோயும் அரிப்பாக வெளிப்படலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம்; எல்லோரும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும். சொறிந்த புண்ணில் சீழோ, சுற்றிலும் சிவந்த வீக்கமோ தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.