அப்பாவின் கம்ப்யூட்டர் புத்தகம்

கேள்வி: என் அப்பா 1980களில் வாங்கிய, குழந்தைகளுக்கான ஆங்கில கம்ப்யூட்டர் புத்தகம் பரணில் கிடைத்தது. லண்டன் உஸ்போர்ன் பதிப்பகம் போட்டது. பக்கமெல்லாம் ரோபோ படங்கள், 'பேசிக்' என்ற கணினி மொழியில் புரோகிராம்கள், ஓரத்தில் அப்பா பேனாவால் எழுதிய திருத்தங்கள். ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா? இன்றைய பிள்ளைகளுக்கு உதவுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கட்டாயம் உதவும். நான் காட்பாடியில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு 'பிபிசி மைக்ரோ' என்ற கம்ப்யூட்டர் வந்தது. பள்ளிகளில் கணினி கற்பிக்க மத்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் கொடுத்தது. செருப்பை வாசலில் விட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். இப்படியொரு புத்தகத்தைப் பார்த்து ஆசிரியர் வரி வரியாக வாசிப்பார், நான் கீபோர்டில் தட்டுவேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் பிழை காட்டி நின்றுவிடும். எங்கே தவறு என்று தேடித் தேடித்தான் எனக்குப் புரோகிராம் என்பதே புரிந்தது.

ஆனால் ஸ்கேன் செய்து போடாதீர்கள். நம் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. படம் வரைந்தவருக்கும் அப்படியே. தவிர, அந்தப் பதிப்பகமே 2016இல் தன் பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள் பலவற்றைத் தன் தளத்தில் இலவச பிடிஎஃப் ஆக வைத்துவிட்டது. சொந்தப் படிப்புக்கும் வகுப்புக்கும் இறக்கிக்கொள்ளலாம். புரோகிராம்களை இன்றைய கணினிக்கு மாற்றி எழுதி, மூலப் புத்தகத்தின் பெயரும் அந்தப் பக்கத்தின் லிங்க்கும் கொடுத்து வெளியிடலாம். பிடிஎஃப்பை மட்டும் வேறெங்கும் ஏற்றக்கூடாது, வியாபாரத்துக்கும் கூடாது. வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க்கை அனுப்பினால் போதும்.

அப்புறம், ஓட்டிப் பார்க்கப் பழைய மெஷின் தேவையில்லை. பிபிசி மைக்ரோ போலவே இயங்கும் 'எமுலேட்டர்' என்ற மென்பொருள் பிரவுசரிலேயே கிடைக்கிறது. புத்தகத்தில் சில புரோகிராம் வரிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். ஸ்பெக்ட்ரம், பிபிசி என்று எந்தக் கணினிக்கு எந்த வரியை மாற்ற வேண்டும் என்பதற்கு அவை. புரோகிராமைக் கையாலேயே கீபோர்டில் தட்டப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

புத்தகத்தை மறுபடி பரணில் ஏற்றாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு முதுகுப் பசை காய்ந்து தாள் தாளாக உதிர்ந்துவிடும். காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

அப்பாவின் திருத்தங்கள் எந்த பிடிஎஃப்பிலும் கிடையாது. எந்த வரியை ஏன் மாற்றினார், எந்த மெஷினில் ஓட்டினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதிப் போடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.