தமிழ் விக்கிப்பீடியாவையும் எம்ஐடி பாடத்தையும் ஒரே கையேட்டில் கலக்கலாமா?

வணக்கம். செட்டிநாட்டு வீடுகள் கோடையில் எப்படிக் குளிர்ச்சியாக இருக்கின்றன என்று காரைக்குடிக் கல்லூரி மாணவர்களுக்கு நூலகக் கையேடு போடுகிறீர்கள். எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் (அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்கள்) மொழிபெயர்ப்பையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் கலக்கலாமா என்பது உங்கள் கேள்வி. கலக்க முடியாது; அடுத்தடுத்து வைக்கலாம்.

இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) என்ற பொது உரிமங்கள்: விக்கிப்பீடியா உரிமம் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, எம்ஐடியுடையது சிசி பிஒய்-என்சி-எஸ்ஏ 4.0. இதில் பிஒய் என்றால் ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும், எஸ்ஏ என்றால் அதே உரிமத்தில் பகிர வேண்டும், என்சி என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தழுவலை, அதாவது மாற்றி எழுதிய வடிவத்தை, தன் உரிமத்திலேயே வெளியிடச் சொல்கின்றன இரண்டும். ஆனால் விக்கியுடையது வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, எம்ஐடியுடையது தடுக்கிறது. ஒரே பத்தியில் குழைத்தால் எந்த உரிமமும் பொருந்தாது. மொழிபெயர்ப்பும் தழுவல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனவே முகப்பு (முன்திண்ணைப் பகுதி), வளவு (உள்முற்றம்) பற்றிய இயலை விக்கியிலிருந்தும், வெப்பக் கடத்தல் இயலை எம்ஐடியிலிருந்தும் தனித்தனியாக அமையுங்கள். ஒவ்வோர் இயலின் முதல் பக்கத்திலும் தலைப்பு, ஆசிரியர், இணைப்பு, உரிமம், என்ன மாற்றினீர்கள் என்பது இருக்கட்டும். விக்கிக்கு ஆசிரியர் பட்டியல் தேவையில்லை, கட்டுரை இணைப்பே போதும். இன்னும் சுலபவழி, விக்கியின் தகவலை மட்டும் எடுத்து, மூல நூல்களில் சரிபார்த்துச் சொந்த நடையில் எழுதுவது. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது.

படங்களில்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். எம்ஐடி பாடத்தில் சில படங்களின் கீழேயே, அவை இந்த உரிமத்தில் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். விக்கிப் படத்தைச் சொடுக்கி, விக்கிமீடியா பொதுவகம் என்ற படக் களஞ்சியத்தின் பக்கத்தில் அதன் தனி உரிமத்தைப் பாருங்கள். இதையே மாணவர்களுக்கு முதல் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

எம்ஐடி இயல் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதால், கையேட்டை ஜெராக்ஸ் கடையில் லாபம் வைத்து விற்கக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் இலவசமாக இருக்கட்டும்.